எம்.பி. பேச்சை நான் மேடையில படிச்ச லட்சணம்

அன்னிக்கி எனக்கு ஒரே வேலைதான். மாநிலங்களவை எம்.பி. பழவேற்காட்டுக்கு வர்றாரு. அவரு டெல்லியில பேசினதையெல்லாம் இன்டர்நெட்ல இருந்து எடுத்து மேடையில படிக்கணும்.

வேலையைக் குடுத்தது ஊர்த் தலைவர். வேற யாரும் இல்ல, எங்க நைனா.

"முகத்துவாரத்தை மண்ணு மூடிக் கெடக்குது. கடல் தண்ணி ஏரிக்கு வரல, எறாவும் வரல. மொதல்ல அவரு மனசைக் குளிர வெப்போம், அப்புறம் தூர் வாரச் சொல்லிக் கேப்போம். நீ படிச்சவன்டா, போ!"

படிச்சவனாம்! அதுல விழுந்துட்டேன்.

டச்சுக்காரங்க கல்லறைகிட்ட ஜெராக்ஸ் கடை. கடைக்கார பாய் எம்.பி. பேரைத் தட்டினாரு. மளமளன்னு வந்துச்சு.

"இன்னாப்பா, ஒரு தபா படிச்சிப் பாத்துட்டு எடுக்கக் கூடாதா?"

"எல்லாத்தையும் எடு பாய்! அவரு பேசின எடத்துல மட்டும் மஞ்சள் அடிச்சிக் குடு."

பெரிய கட்டு. படிக்கவே இல்ல, கனத்தைப் பாத்தே பூரிச்சிட்டேன்.

மேடையில எம்.பி. மாலையோட உக்காந்திருக்காரு. நான் மைக்கைப் புடிச்சேன்.

"நம்ம எம்.பி. அவையில் முழங்கியதைக் கேளுங்க!"

இங்கிலீஷ்ல இருந்ததை அப்படியே தமிழ்ல சொன்னேன். "ஐயா, முன்னால் பேசிய உறுப்பினரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்."

கைதட்டு! அடுத்த பக்கம்.

"ஐயா, இந்த உறுப்பினரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்."

லேசா வேர்த்துச்சு. நாலு பக்கம் தள்ளித் திருப்பினேன். அங்கயும் சேர்ந்துக்கினுதான் இருந்தாரு! பக்கம் பக்கமா பேசினது வேற யாரோ, 'அவரு சொன்னதுதான் எனக்கும்'னு கடைசி வரி மட்டும் நம்மாளு.

ஒரு எடத்துல மஞ்சள் கொஞ்சம் நீளமா இருந்துச்சு. அப்பாடான்னு படிச்சேன்.

"ஐயா, என் மைக் வேலை செய்யவில்லை. ஐயா, இப்போதும் வேலை செய்யவில்லை."

முன்னால உக்காந்திருந்த கஸ்தூரி அக்கா எழுந்துட்டாங்க. பசியாவரம் தீவுல கையால எறா தடவிப் புடிக்கிறவங்க, வாய்க்குப் பூட்டே கெடையாது.

"டேய் சேகரு! ஏரியில யாரு எங்க, என்னிக்கு மீன் புடிக்கணும்னு சீட்டு போட்டுத்தானே பாடு பிரிக்கிறோம்? முறை வந்தவன் எறங்கி வலை கட்டணும். கரையில நின்னுக்கினு 'நானும் நானும்'னா மீனு குடுப்பாங்களா? இவரு பாடு என்னிக்குத்தான் வந்துச்சு?"

கூட்டம் கொல்லுனு சிரிச்சுச்சு. நைனா தலையில கைய வெச்சிக்கினாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஊர் சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!

எம்.பி. செவந்த முகத்தோட எழுந்து மைக்கை வாங்கினாரு.

"அடுத்த கூட்டத்தொடர்ல முகத்துவாரத்தைப் பத்தி நானே பேசுறேன். மொத ஆளா பேசுறேன்!"

விசில் பறந்துச்சு. நைனா ஓடி வந்து காதுல கேட்டாரு. "திட்டம் போட்டுத்தான் படிச்சியாடா?"

"பின்ன!"ன்னு மீசையைத் தடவிக்கினேன்.

கூட்டத்தொடர் வந்துச்சு. ஊரே பாய் கடையில நின்னுச்சு. சொன்ன மாதிரியே மொத ஆளா, ஒரு பக்கத்துக்குப் பேசியிருந்தாரு மனுஷன்! அதுக்குக் கீழ கட்சி வித்தியாசம் இல்லாம அத்தனை உறுப்பினர்களும் அவரோட சேர்ந்துக்கினு இருந்தாங்க.

கடலும் ஏரியும்தான் இன்னும் சேரல.