நாகாஸ்திரம்-9 தளத்தில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை

நம் நாட்டின் பாதுகாப்பு திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, கரட்டுப்பாளையம் என்ற ஊரில், பூமிக்கடியில் எழுநூறு அடி ஆழத்தில் இருக்கிறது. 'நாகாஸ்திரம்-9' என்னும் இராணுவ ஆய்வுத் தளம் அங்கேதான் இயங்குகிறது. என்ன ஆராய்கிறார்கள் என்பது ஆராய்கிறவர்களுக்கே தெரியாது. அவ்வளவு இரகசியம். செல்போனில் எட்டுப் பாகமாக ஓடும் ஒரு துப்பறியும் தொடரைப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

அதே ஊரில் ஆயிரத்து இருநூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் தங்கசாமிக்குப் புழுதிதான் வந்தது. கிழக்குத் தெரு முழுக்க ஊராட்சியின் தண்ணி லாரியை நம்பித்தான் பிழைக்கிறது. போன கோடையில் லாரி இருபது நாள் 'பழுது'. அவர் மனைவி ராசாத்தி இரண்டு எருமைகளில் ஒன்றை விற்றாள். இந்தக் கோடையிலும் பன்னிரண்டு நாளாகப் பழுது. மிச்சமிருக்கும் எருமையைப் பிடித்துப்போக நாளைக்கு வியாபாரி வருகிறான். கன்று போட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை.

ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் நூல் மில்லில்தான் போன கோடையில் அந்தத் தொடரை எடுத்தார்கள். இப்போது அதன் இரண்டாம் பகுதிக்குப் படப்பிடிப்பு நடக்கிறது. கேட்டில் நான்கு வாட்ச்மேன்கள். ஈ காக்கை நுழைய முடியாது. நிஜ இராணுவம்கூட இத்தனை கெடுபிடி காட்டியிருக்காது. ஊருக்கு இப்பேர்ப்பட்ட பெருமை வந்ததில் தங்கசாமிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பகுதியை நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு புள்ள, தளத்த உட்டு வெளிய வாரவங்களுக்குக் கதிர்வீச்சக் கழுவி உடறாங்க."

பார்த்தாள். ஒன்பது விஞ்ஞானிகள் வரிசையாக நிற்க, மேலேயிருந்து தண்ணீர் மூன்று நிமிடம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. எதற்கும் இருக்கட்டும் என்று துப்பறிவாளரும் ஒரு தடவை கழுவிக்கொண்டார்.

"அப்படியே நிறுத்துங்க," என்றாள் ராசாத்தி.

பின்னால், பச்சை வலைக்கு அடியில் ஓர் இராணுவ லாரி நின்றது. அதன் பின்குழாயில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"இது நம்ம தண்ணி லாரிங்க. அந்தத் துணி என்னோட சேலைக் கிழிசல். ஒழுகுதுன்னு நாந்தான கட்டி உட்டேன்."

தளத்தில் புகுந்த ஒற்றனைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளருக்கு எட்டுப் பாகம் தேவைப்பட்டது. ராசாத்திக்கு ஒரு கிழிசல் போதுமாக இருந்தது.

எருமையை ஓட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போனாள். செயலர் தீனதயாளன் கண்ணியமான மனிதர். பதில் சொல்லாமல் யாரையும் அனுப்பமாட்டார். பதிலைத் தவிர வேறெதையும் கொடுத்தும் அனுப்பமாட்டார்.

"ஏனுங்க, லாரி எங்கீங்க?"

"பழுது பாக்க சங்ககிரி போயிருக்குதுங்க."

"போன வருசம்?"

"அப்பவும் சங்ககிரி தானுங்க."

ராசாத்தி போனை நீட்டினாள். செயலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயமாதலால் குரலைத் தாழ்த்தினார்.

"இது கதைங்கம்மா. 'இதில் வரும் அனைத்தும் கற்பனையே'ன்னு மொதல்லயே போட்டிருக்கறாங்க பாருங்க. கற்பனையில வர்ற லாரிக்கு ஊராட்சி எப்படீங்க பொறுப்பாகும்?"

சட்டப்படி அசைக்க முடியாத பதில். ராசாத்தியும் தலையாட்டினாள். எருமையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். செயலரின் தண்ணீர்க் கேனை எடுத்து, வெளியே இருந்த வாளியில் கவிழ்த்து, அதன் முன்னால் வைத்தாள்.

"என்னங்கம்மா இது?"

"குடிக்கட்டுங்க. லாரி வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும்."

எருமை ஒரே மூச்சில் குடித்தது. அதன் தலைக்கு மேலே, அலுவலகச் சுவரில் நீல எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தது: 'கிழக்குத் தெருவுக்கு நாள்தோறும் குடிநீர் வழங்கப்படுகிறது.'

ராசாத்தி அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள்.

"சாமி, அந்தக் கற்பனைங்கற வரிய இதுக்குக் கீழயும் எழுதிப் போட்டுருங்க. அது தெரியாம நாங்க பன்னண்டு நாளா கொடத்தோட நின்னுட்டு இருக்கறமுங்க."