வண்டி கீழே இறங்கும் வரை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும், சில கீழே விழுந்திருக்கும், 'ழ' வருகிற இடத்தில் பேனா சுற்றிக்கொண்டே போய் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றிருக்கும். இது நான் எழுதும் முதல் கடிதம். இதுவரை உங்களுக்கு வந்தவை எல்லாம் நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதியவை. நான் சொன்னதில் பாதியைத்தான் எழுதினாளோ என்று இப்போது ஒரு சந்தேகம். இங்கே நாங்கள் சுகம். அங்கே உங்கள் சுகத்தை விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். விசாரித்துவிட்டேன். இனி விஷயம்.

விஷயம் நம் பிக்கப் வண்டி. அதை வாங்கியபோது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு வைக்க வெட்கம், அதனால் உங்கள் பெயரில் பதிவு செய்தோம். ஓட்டுவது நான், கழுவுவது நான், பெயர் உங்களுடையது. போன முறை நீங்கள் வந்தபோது, நானும் உங்கள் தங்கையும் முன்னால் உட்கார்ந்திருக்க, நீங்கள் காற்று வேண்டும் என்று பின்னால் ஏறி நின்றுகொண்டு வந்தீர்கள். திருப்பத்துக்குத் திருப்பம் முன்பக்கம் 'டொக், டொக்' என்று கேட்டதாக இறங்கியதும் சொன்னீர்கள். "மாப்ளே, இந்தச் சத்தம் நிக்கட்டும், மறுநாளே உங்க பேருக்கு மாத்தித் தரேன். நிக்கலேன்னா பழைய இரும்புக் கடைதான்" என்றும் சொன்னீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் கீழே எழுதியிருக்கும் அத்தனையும் நடந்தது.

எங்கள் தெருமுனை மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும். வாய் ஓயாது என்பதால் எல்லாரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பாவம், அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, தையல் ஆறும்வரை ஒரு சொல் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மற்ற வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டார்கள், எனக்கு மட்டும் உள்ளூர ஒரே குஷி, ஏனென்றால் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் சாக்பீஸால் வண்டியின் மேலேயே எழுதினார், எனக்கென்று ஒருவர் எழுதி அதை நானே படித்தது அதுதான் முதல் தடவை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன் சக்கரத்துக்குப் பின்னால் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். பிறகு பானெட்டில் எழுதினார். நான் சத்தமாகப் படித்தேன்: "பு... ஷ்... போ... ச்... சு." காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்த உங்கள் தங்கை நின்று, "போனதைக்கூட ராகம் போட்டுத்தான் படிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

புஷ் என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். இரும்புக் குழலைச் சுற்றி ரப்பர் வைத்த சின்ன உருளை. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் மூட்டில் உட்கார்ந்துகொண்டு, பள்ளத்தில் விழும் அடியை எல்லாம் தான் வாங்கிக்கொள்ளும். குடும்பத்தில் என் இடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டியில் அந்த ரப்பர் காய்ந்த ஆரஞ்சுத் தோல் போல வெடித்துக் கிடந்தது. அதைக் கழற்றலாம் என்றால் போல்ட் துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறது. எண்ணெய் விட்டோம், சூடு காட்டினோம், ஸ்பேனரின் மேல் ரேடியோ ஏறி நின்று குதித்தார். திட்ட முடியாத மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாய் திறக்கிறது, மூடுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவருக்குப் பதிலாக நான் திட்டினேன். போல்ட் கழன்றது.

லேத் பட்டறையில் கொடுத்துப் பழைய புஷ்களைத் தள்ளிவிட்டுப் புதியவற்றை அழுத்தி வாங்கி வந்தோம். இரும்புக் கைகளைப் பொருத்தி, போல்ட்களைக் கையாலேயே திருகி வைத்துவிட்டு, தொண்டையைக் காட்ட டாக்டரிடம் கிளம்பினார் ரேடியோ. போகும்போது மட்கார்டில் ஒரு வரி எழுதினார். "வண்டி கீழே இறங்கும் வரை இறுக்காதீங்க."

மச்சான், நான் படிக்கிற வேகம் உங்களுக்குத் தெரியாது. 'வண்டி' உடனே வந்துவிட்டது. 'கீழே' வந்தது. 'இறங்கும் வரை' கொஞ்சம் படுத்தியது, அதையும் விடவில்லை. அடுத்து 'இறுக்' என்று வந்ததுமே எனக்கு முழுக்கப் புரிந்துபோயிற்று. புரிந்த பிறகு எதற்குப் படிப்பது என்று ஸ்பேனரை எடுத்தேன். வண்டி கீழே இறங்கும் வரை இறுக்க வேண்டும், அவ்வளவுதானே. இறுக்கினேன். இறங்கவில்லை. அந்தப் பக்கம் போய் இறுக்கினேன். இறங்கவில்லை. ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி, காலால் மிதித்து இறுக்கினேன். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது டீ கொண்டுவந்த உங்கள் தங்கை கேட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"இறுக்கறேன்."

"எதுவரைக்கும்?"

"வண்டி இறங்கறவரைக்கும்."

"அது ஜாக்கி மேல நிக்குது. ஜாக்கியை இறக்காம எப்படி இறங்கும்?"

"மெக்கானிக் எழுதி வச்சிருக்கார். உனக்குத் தெரியுமா, அவருக்குத் தெரியுமா?"

அவள் குனிந்து மட்கார்டைப் பார்த்தாள். நான் ஒரு மணி நேரம் போராடியதை ஒரே பார்வையில் முடித்தாள். "'இறுக்'குக்குப் பின்னாடி 'காதீங்க'ன்னு ஒரு வால் இருக்கே, அதைப் படிச்சீங்களா?"

வால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். அது வரைக்கும் நான் போகவில்லை. செய் என்பதா, செய்யாதே என்பதா என்று கடைசி எழுத்து வரை காத்திருக்க வைக்கிற மொழியில் மெக்கானிக் வேலை பார்ப்பது லேசில்லை. ஆனாலும் அவளிடம் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? "இறுக்கினதுல என்ன கெட்டுப்போச்சு, லூசா விட்டாத்தானே தப்பு" என்று சொல்லி ஜாக்கியை இறக்கினேன்.

வண்டி இறங்கியது, பாதி. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்யாண போட்டோவில் நீங்கள் நிற்பீர்களே, அந்த மாதிரி. விஷயம் என்னவென்றால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பாரம் தரையில் வந்ததும் முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கிக்கொண்ட ரப்பரோடு தெருவின் முதல் வேகத்தடையில் ஏறினேன். கதவிடுக்கில் சிக்கிய வாத்து கத்துகிற மாதிரி ஒரு குரல். இரண்டாவது வேகத்தடையில் வாத்து செத்துப்போயிற்று, அதாவது ரப்பர் கிழிந்துவிட்டது.

ரேடியோ வந்து பார்த்தார். பேச முடியாதல்லவா, சாக்பீஸை எடுத்தார். பானெட்டில் ஆரம்பித்தார், கதவுக்கு வந்தார், கதவு போதாமல் பட்டறைச் சுவரில் தொடர்ந்தார். நான் பின்னாலேயே போய்ப் படித்துக்கொண்டு வந்தேன். இந்த முறை ஓர் எழுத்தைக்கூட விடவில்லை. ஒருவர் என்னைத் திட்டியதை நானே படிக்கிற பாக்கியம் இந்த வயதில் கிடைத்தது. 'முடாள்' என்று எழுதியிருந்தார். சாக்பீஸை வாங்கி நடுவில் ஒரு 'ட்' சேர்த்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தையல் வலித்ததால் அழுதார், பிறகு இன்னொரு ஜோடி புஷ் வாங்கி வரச் சொல்லி எழுதினார்.

இரண்டாம் தடவை வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தரம் அமுக்கிவிட்டு ஆட்டி, அது சொந்த பாரத்தில் உட்கார்ந்த பிறகு, ரேடியோ அடியில் படுத்து இறுக்கினார். நான் டார்ச் பிடித்தேன். ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று என் சட்டைப் பையிலேயே எழுதிவிட்டார். பிறகு நானும் அவரும் மட்டும் ஒரு சுற்றுப் போய் வந்தோம். வேகத்தடை, பள்ளம், திருப்பம், ஒன்றிலும் ஒரு சத்தம் கிடையாது. அவராலும் பேச முடியாததால், வண்டிக்குள் நான் கடை போர்டுகளைப் படிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஆகவே மச்சான், சத்தம் நின்றுவிட்டது. இரும்புக் கடைப் பேச்சை மறந்துவிட்டு, சொன்ன சொல்படி வண்டியை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். கையெழுத்து தயார். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எல்லாம் போட்டுப் பழகிவிட்டேன், இப்போது பத்துக்கு ஏழு ஒரே மாதிரி வருகிறது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்கள் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தாலும் ஆசியில் குறையில்லை. அடுத்த வாரமும் எழுதுவேன், எனக்கு வேறு வேலை இல்லை, பேனாவில் மையும் இருக்கிறது. வேண்டாம் என்று பதில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து 'வேண்டாம்' என்பதை வரியின் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
(கையெழுத்து, நானே போட்டது)

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க உங்கள் தங்கையையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். முதல் திருப்பத்தில் 'டொக்'. எனக்கு உயிரே போய்விட்டது. நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்தேன், எல்லாம் இருந்தபடி இருக்கிறது. மறுபடி கிளம்பினேன். மூக்குக் கண்ணாடிக் கடை போர்டை 'மூ... க்... கு...' என்று பாதி படித்திருப்பேன், மறுபடி 'டொக்'. சட்டென்று கீழே பார்த்தால் உங்கள் தங்கையின் வலது கால் தரைத் தகரத்தை ஓங்கி மிதித்துக்கொண்டிருக்கிறது.

"என்ன பண்றே?"

"பிரேக் போடறேன்."

"அங்க ஏது பிரேக்?"

"உங்க பக்கம் இருக்கு, நீங்க போட்டாத்தானே. நீங்க போர்டு படிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து நான்தான் போட்டுக்கிட்டு வரேன்."

மச்சான், நியாயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நின்று கேட்டது இந்தச் சத்தத்தைத்தான். அது வண்டியின் கோளாறு இல்லை. உங்கள் வீட்டிலிருந்து எனக்குக் கட்டிக்கொடுத்த காலின் கோளாறு, அதற்கு எந்தக் கடையிலும் புஷ் கிடைக்காது. எனவே வண்டியின் பெயர் மாற்றத்துக்கு இதைத் தடையாகச் சொல்லக் கூடாது. இதை அவளிடமே படித்துக் காட்டினேன். தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள். எனக்காகத்தான் பேசுவாள் என்று கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அண்ணா, வண்டியை என் பெயருக்கு மாற்றிக் கொடு. பிரேக் போடுவது நான்தான்.