உங்கள் தம்பி எண்ணெய் போட்ட கதவு

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா என்று அறிய ஆவல். விசாரிப்பு முடிந்தது, இனி புகார். உங்கள் தம்பியை, அதாவது என் அப்பாவை, நீங்கள் உடனே போனில் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். உலகத்தில் அவர் பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான்.

நான் செய்யும் இசையைப் பற்றி வீட்டில் மூச்சு விட்டதில்லை. அன்றாடச் சத்தங்களைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் இழுத்து, நறுக்கி, தலைகீழாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவேன். வரும் சனிக்கிழமை ஓர் அரங்கில், எட்டு ஸ்பீக்கர்களில், முதல் தடவையாக என்னுடைய பதினோரு நிமிடம் ஒலிக்கப்போகிறது. அதில் கதாநாயகன் நம் சமையலறைக் கதவு. அதன் கிறீச்சைப் பதினாறு மடங்கு மெதுவாக்கினால், கடலுக்கடியில் ஏதோ பெரிய பிராணி தன் குட்டியைக் கூப்பிடுவது போலிருக்கும். எந்த வேகத்தில் திறந்தால் சரியாக அழும் என்று மூன்று நாள் ஹெட்போனும் மைக்குமாகக் கதவடியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். அப்பா போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் ரெக்கார்டரைக் கதவருகே வைத்தேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓயட்டும் என்று குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் கதவு பூனை மாதிரி திறக்கிறது. குழாய் சொட்டவில்லை. டக் டக்கென்ற மின்விசிறி வாய் திறக்கவில்லை. பிரிட்ஜின் காலுக்குக் கீழே மடித்த அட்டை. வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறது. நடுவில் எண்ணெய் டப்பாவோடு அப்பா.

"என்னப்பா பண்ணீங்க?"

"மூணு நாளா நீ படற பாட்டைப் பாத்துட்டுத்தானே இருக்கேன். காதைப் பொத்திக்கிட்டு கதவையே முறைச்சிட்டு உக்காந்திருக்க! வாயைத் திறந்து சொன்னா என்னம்மா?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அது அடுத்த தப்பு. "சத்தம்தான் வேணுமா? இதோ!" என்று, துருப்பிடிப்பதற்காகக் கீலுக்கு உப்புத்தண்ணீர் தெளித்தார், "இது நல்லா கத்தும் பாரு" என்று ஸ்டூலை இழுத்து வந்தார், மைக் முன்னால் தொண்டையைக் கனைத்து "இது உதவுமா?" என்றார். அம்மா சொன்னதுதான் உச்சம்: "இருபது வருஷமா அந்தக் கதவைச் சரிபண்ணுங்கன்னு நான் கத்தினேன். என்னை யாரும் ரெக்கார்ட் பண்ணல."

கையிலிருப்பது ஒத்திகைத் துண்டுகள்தான். அரங்கக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? நன்றாகத் திட்டுங்கள், அத்தை. மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள், நாக்குக்கு வேண்டாம்.

உங்கள் ஆசியை நாடும்,
தம்பி மகள்

பி.கு.: திட்டிவிடாதீர்கள். குளிக்கப் போகுமுன் நான் ரெக்கார்டரை அணைக்கவில்லை என்பதை, மேலே உள்ளதை எழுதி முடித்தபின் நேற்றிரவுதான் பார்த்தேன். முழுதாக நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு சொட்டு எண்ணெய்க்கும் கதவின் முனகல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நடுவே அப்பா அதனிடம் ரகசியமாகப் பேசுகிறார்: "சும்மா இரேண்டா கொஞ்சம். பாவம் என் பொண்ணு. என்ன கஷ்டம்னாலும் சொல்ல மாட்டா." கதவை இழுத்தேன், நறுக்கினேன். அந்தக் குரலை மட்டும் தொடவில்லை. பதினோரு நிமிடம் சரியாக வந்துவிட்டது. சனிக்கிழமை முன்வரிசையில் அவருக்கு இடம் பிடித்திருக்கிறேன். விஷயம் அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டு கேட் கிறீச்சிடுகிறது என்று சொல்லி அவரைக் கூப்பிடுங்கள். எண்ணெய் டப்பாவை அவர் எடுத்து வருவார், மைக்கை நான் எடுத்து வருகிறேன்.