ஒன்பதாம் அத்தியாயத்துப் பரீட்சை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா பரம சௌக்கியம். நான் போன வியாழக்கிழமை வரை சௌக்கியமாக இருந்தேன். வியாழக்கிழமைதான் நீ எழுதிய நாவல் தபாலில் வந்தது.

முதலில் பாராட்டிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். அட்டை நன்றாக இருக்கிறது. மனிதர்களின் ஞாபகத்தைக் காது வழியாக உறிஞ்சி எடுத்து, வேறொருவன் ஞாபகத்தை உள்ளே ஊற்றிவிடும் கம்பெனி, அதைத் துரத்தும் கதாநாயகன், எல்லாம் விறுவிறுப்பு. காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் பன்னிரண்டாம் பக்கத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உன் கதாநாயகன் தன் தொலைந்த பெட்டியின் பூட்டு, கீறல், உள்ளே இருந்த சட்டையின் பொத்தான் வரை பிசகாமல் சொல்கிறான். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். உண்மையான சொந்தக்காரன் கறுப்புக் குடையை நீலம் என்பான், மூன்று அடுக்கு டிபன் கேரியரை நாலு அடுக்கு என்பான். எல்லாவற்றையும் அப்படியே ஒப்பிக்கிறவன்தான் ஆட்டையைப் போட வந்தவன். இதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்கமாட்டாய். எழுத்தாளன் ஆயிற்றே!

சரி, அதை விடு. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறாயே, அங்கேதான் என் குடி முழுகியது. கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் உட்கார்ந்து பத்துப் பழைய சம்பவங்களை எழுத வேண்டும், ஒத்துப்போகாத இடத்தில் யாரோ ஒருவரின் ஞாபகம் களவு போயிருக்கிறது என்று அர்த்தம். நான் சும்மா இருந்திருக்கலாம். "வா, எழுதிப் பாப்போம்" என்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். ஒன்பது ஒத்துப்போனது. பத்தாவது, நாங்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்டது. பஸ் நெரிசலில் இடது கால் செருப்பைத் தொலைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தாள், நான் உட்கார ஸ்டூல் போட்டேன், தேடிக் கொடுத்தேன், ஊருக்கே தெரிந்த கதை. நம் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அதை நான் சொல்லியிருக்கிறேன். அவள் எழுதியிருந்தது என்ன தெரியுமா? "தொலைந்தது குடை. ஸ்டூல் போட்டவர் பக்கத்து சீட் சுருட்டை முடிக்காரர்."

தாளை அவளிடமே திருப்பி நீட்டினேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு, செருப்புதானே?"

"குடைங்க. எனக்குத் தெரியாதா?"

"நிஜமான சொந்தக்காரங்க தப்பாத்தான் சொல்லுவாங்க. அப்போ நான் தப்பாவே சொல்லியிருந்தாலும் ஸ்டூல் போட்டது நான்தான்!"

"அந்தக் கணக்குல பாத்தா நானும் தப்பாச் சொல்லலாம், நானும் சொந்தக்காரிதான். காபி ஆறுது, குடிங்க."

சுருட்டைக்கு போன் போட்டேன். இப்போது அவன் தலையில் சுருள்வதற்கு ஒரு முடி இல்லை. "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணுக்கு ஸ்டூல் போட்டியாடா?" என்று கேட்டால், "போட்டாலும் போட்டிருப்பேன்டா" என்கிறான், பாவி!

அன்றிலிருந்து நாலு நாளாக நோட்டும் கையுமாக உன் அக்காவை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எந்த பஸ், என்ன சேலை, கூட யார் வந்தது, ஒன்று விடவில்லை. மாப்பிள்ளை, அன்றைக்குக் காலையில்தான் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்ததாம். சொல்ல ஆள் இல்லாமல் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாளாம். இது எனக்குத் தெரியவே தெரியாது. அவள் சொல்லி நான் மறந்தேனா, அவள் சொல்லவே இல்லையா, அதைக்கூட என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. விளையாட்டுக்கு எழுதவில்லை, பயமாக இருக்கிறது. சாவி வைத்த இடம் மறந்தால் தேடிக்கொள்ளலாம். அந்த ஸ்டூலை நான் போடவில்லை என்றால், பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறு என்னப்பா இருக்கிறது?

ஆகவே, ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க முழுக்க நீ கட்டிவிட்ட கதை, எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளாத பரீட்சை என்று ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. உன் பேனா ஓயாமல் ஓடட்டும், அடுத்த நாவலில் சமையல் குறிப்பு எழுது. குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நிலைகுலைந்த உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். அவர் கவர் ஒட்டப் பசை தேடிட்டு இருக்கார், நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கேன். தொலைஞ்சது செருப்புதான், ஸ்டூல் போட்டதும் சாட்சாத் இவரேதான். சும்மா சீண்டிப் பாக்கத்தான் மாத்தி எழுதினேன், அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா மனுஷன் நோட்டைத் தூக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்து, "அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேட்டார் பாரு! இத்தனை வருஷமா அந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டிருக்கேனே தவிர, என்னைச் சொல்லச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. டைப்பிஸ்ட் வேலை விஷயம் நான் அவர்கிட்ட சொன்னதே இல்லை, அவர் எதையும் மறக்கலை. நாளைக்கு என்னை டிப்போவுக்கே கூட்டிட்டுப் போய் இடத்தைக் காட்டச் சொல்லப் போறாராம், நல்ல சேலையா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். பாவம், பயந்து போயிருக்கார், திரும்பி வர்ற வழியில உண்மையைச் சொல்லிடறேன். சொன்னப்புறமும் கேக்கறாரான்னு பாக்கணும். இன்னும் ஒன்பது சம்பவம் பாக்கி இருக்கு.