தேங்காய் நின்றால் ஓட்டு உறுதி

ராஜஸ்தான் மணற்காட்டில் தண்ணீர் எடுத்துக் கொடுத்த ஒரு மனிதர், சுற்றிலும் காவிரி ஓடும் சொந்த ஊரில் இருபத்திரண்டு ஓட்டில் தோற்றுப் போனார் என்றால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள். நான் கூடவே இருந்து பார்த்தவன், எனக்கே இன்னும் பாதிதான் நம்பிக்கை. இவ்வளவு நல்ல காரணத்துக்காக, இவ்வளவு ஊக்கமாக, இவ்வளவு தப்பான வழியில் ஓட்டுக் கேட்ட இன்னொரு ஆள் இந்தப் பூமியில் பிறந்திருக்க முடியாது.

அவரைப் பாயிண்ட்டு அண்ணன் என்போம். ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன்னால் எந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு எங்கள் பக்கத்தில் 'பாயிண்ட்டு பார்ப்பது' என்று பெயர். திருச்செங்கோட்டில் துளை போடும் ரிக் வண்டி வைத்திருந்த மற்ற முதலாளிகள் அதற்குத் தனியாக ஆள் வைத்திருந்தார்கள். இவர் தானே பார்ப்பார். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து, கண்களை அரைவாசி மூடிக்கொண்டு காட்டுக்குள், அதாவது விவசாய நிலத்துக்குள், நடப்பார். தேங்காய் தானாக எழுந்து நின்றால் அங்கே தண்ணீர். படுத்தே கிடந்தால், துளையில் தண்ணீருக்குப் பதில் வெறும் பாறைத்தூள் புகைதான் வரும் என்று அடுத்த காட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வேட்பாளர் பட்டியலை ஒட்டிய அன்றைக்குத்தான் அது ஊருக்கே தெரிந்தது. "யாருங்க இது, நம்மூர்ல புதுசா நிக்கறது?" என்று அவருடைய சொந்தச் சித்தப்பாவே கேட்டார்.

எங்கள் ஊர் ஒரு தீவு. காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிற இடத்தில், இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு மாவட்டம் என்று இருக்க, நடுவில் திட்டாக நிற்கும். பெயரும் திட்டுதான். இந்தப் பெயரால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "எந்த ஊருப்பா?" என்று மேனேஜர் கேட்டார். "திட்டுங்க" என்றேன் மரியாதையாக. "வந்த அன்னைக்கே எதுக்குப்பா உன்னைத் திட்டணும்?" என்றார். ஆபீஸே சிரித்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "எடப்பாடிப் பக்கம்" என்று சொல்லிவிடுவேன். முப்பத்து நான்கு வருடம் அப்படியே ஓட்டினேன்.

பாயிண்ட்டு அண்ணனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. ஆறு மாநிலத்தில் ரிக் ஓட்டிய மனிதர், தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு நேராகத் திட்டுக்கே வந்து குடியேறினார். வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஊருக்குப் பாலம் கிடையாது, பரிசல்தான். ஊர் ஊராகத் துளை போட்ட அவருடைய ரிக் வண்டி அவர் வீட்டு வாசலுக்கு மட்டும் வர முடியாது. அக்கரையில் நிறுத்திவிட்டு, இங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பார்.

அதைவிடப் பெரிதாக உறைத்தது பூட்டு. அறுபது வீட்டில் பதினேழு தவிர மீதியெல்லாம் பூட்டிக் கிடந்தன. சிலர் திருப்பூர், சிலர் பெங்களூர், சிலர் பக்கத்திலேயே பள்ளிபாளையம். பிரசவ வலி எடுத்தால் பரிசல், பாம்பு கடித்தால் பரிசல், ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் அந்தப் பரிசலும் கிடையாது என்றால் யார் இருப்பார்கள்? என் வீடும் அந்தப் பூட்டிய கணக்கில்தான் சேர்த்தி. நான் சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டி, ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அங்கேயே வந்து நின்றார்.

"சாமி, நான் தலைவருக்கு நிக்கறேன்."

"எந்தத் தலைவருக்குங்ணா?"

"நம்ம பஞ்சாயத்துக்குத்தான். இத்தன வருசமா கரையில இருக்கறவன்தான் செயிக்கறான். அவனுக்குப் பாலம் எதுக்கு? நாம ஒருத்தன் போயி அந்த நாக்காலில உக்காந்து, வாராவாரம் தீர்மானம் போட்டு, அதிகாரிங்க வாசல்ல படுத்துக் கெடந்தாத்தான் பாலம் வரும். பாலம் வந்தா பூட்டுத் தொறக்கும். இல்லீன்னா இன்னும் பத்து வருசத்துல திட்டுல ஆத்துத் தண்ணியும் கொக்கும்தான் இருக்கும்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"உன்ர ஓட்டு திட்டுலதான இருக்குது?" என்றார்.

"சேலத்துக்கு மாத்திட்டேனுங்ணா" என்றேன், ஏற்காட்டு மலையைப் பார்த்துக்கொண்டு.

அவரும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "செரி போவுது. ஊட்டுச் சாவியாச்சும் குடு. வாரத்துக்கு ஒருக்காத் தொறந்து காத்தாட வெக்கறேன்."

"எங்க வெச்சேன்னு தெரியலீங்க, தேடிப் பாக்கறேன்" என்றேன். சாவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தால் அப்புறம் போய்ப் பார்க்க வேண்டி வரும், பார்த்தால் வருத்தமாக இருக்கும், எதற்கு வம்பு என்று ஒரு சோம்பேறித்தனம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் சின்னம் ஒதுக்கினார்கள். அவர் கேட்டது தென்னை மரம். கிடைத்தது பூட்டு சாவி. "ஊரே பூட்டிக் கெடக்குதுன்னு நான் நின்னா, எனக்கே பூட்டக் குடுக்கறானுக!" என்று ஒரு நாள் முழுக்கப் பொருமினார். மறுநாள் காலையில் போன் செய்தபோது குரலில் சர்க்கரை வழிந்தது. "சாமி, நோட்டீசே வேண்டாம். திட்டுல நாப்பத்து மூணு ஊட்டுல என்ர சின்னம் ஏற்கனவே தொங்குது!"

விடுப்புப் போட்டுவிட்டு நானும் பிரச்சாரத்துக்குப் போனேன். குற்ற உணர்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் பரிசலில் மைக் செட் கட்டி, கரையோரமாகவே போய்ப் பேசுவது என்று ஏற்பாடு. பரிசல் என்றால் சுற்றும் என்பது பிறந்ததிலிருந்து அதில் ஏறிய எங்கள் யாருக்கும் அன்று ஞாபகம் வரவில்லை. "உங்கள் பொன்னான ஓட்டுகளை" என்பது இந்தக் கரைக்கும் "பூட்டு சாவி சின்னத்தில் போடுங்க" என்பது அந்தக் கரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஈரோடு மாவட்டத்துக்காரர்கள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டு எங்களுக்குக் கையசைத்தார்கள்.

"மாரப்பா, பரிசல நேரா நிறுத்தப்பா!" என்று நான் கத்தினேன்.

"ஆத்துக்குச் சொல்லுங்க, நிறுத்தறேன்" என்றார் பரிசல்காரர் மாரப்பன்.

கடைசியாக ஒரு பாறையைப் பிடித்து நிறுத்தினோம். அண்ணன் மைக்கை வாங்கி, நெஞ்சை நிமிர்த்தி, "பெரியோர்களே, நம்மூரு திட்டுங்க!" என்றார். கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பதறிப்போய், "அட, நல்ல மனுசனா இருக்கறீங்க, உங்களப் போயி எதுக்குங்க திட்டறது!" என்றார். அவருடைய ஓட்டு மட்டும் உறுதியாகக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் கரை ஊர்களில் வீடு வீடாகப் போனபோதுதான் தேங்காய் வெளியே வந்தது.

"இது எதுக்குங்ணா?"

"பாயிண்ட்டு பாக்காம என்னிக்காச்சும் துளை போட்டிருக்கறனா? வாசல்ல தேங்கா நின்னா அந்த ஊட்டு ஓட்டு உறுதி. படுத்துக் கெடந்தா அங்க நேரத்த வீணாக்க வேண்டாம்."

பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து நின்றார்கள். இவர் ஆரத்தியையும் பார்க்கவில்லை, எடுக்கிற பெண்களையும் பார்க்கவில்லை. கையில் தேங்காயோடு வாசலை அளந்துகொண்டிருந்தார். தேங்காய் ஒவ்வொரு வாசலிலும் டக்டக்கென்று எழுந்து நின்றது. ஒரு வீட்டுக்காரர் மட்டும், "மன்னிச்சுக்கோங்க பாயிண்ட்டு, என்ர மச்சான் உரக்கடைக்காரருதான் உங்கள எதுத்து நிக்கறாரு. நான் அங்கதான் போடுவனுங்க" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அங்கேயும் தேங்காய் நின்றது. அண்ணன் நோட்டில் 'உறுதி' என்று எழுதினார்.

"அண்ணா, அந்த ஆளே போடமாட்டேங்கறாரு!"

"வாயி பொய் சொல்லும் சாமி, தேங்கா சொல்லாது."

"ஆத்தங்கரையில எங்க வெச்சாலும் தேங்கா நிக்குமுங்களே! கீழ தண்ணி இருக்குதல்லங்க?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தண்ணிக்கு ஒரு தினுசா நிக்கும், ஓட்டுக்கு ஒரு தினுசா நிக்கும். நீ சேலத்துக்காரன் ஆயிட்ட. உனக்கு அதெல்லாம் புடிபடாது."

நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு அவர் பின்னால் நடந்தேன்.

பஞ்சாயத்தில் கடைசி ஊர் மேட்டுக்காடு. ஆற்றை விட்டு நாலு கிலோமீட்டர் தள்ளி, பாறையும் கருவேலமுமாகக் கிடக்கும். முதல் வீட்டு வாசலில் தேங்காய் படுத்தே கிடந்தது. இரண்டாவது வாசலிலும் எழவில்லை. ஊருக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் பார்த்தார். ஜனங்கள் காட்டு வேலையிலிருந்து வந்து திண்ணையிலும் வாசலிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து எங்களை நோக்கி வரக்கூடச் செய்தார்.

"சுத்த டிரை. பொகதான் வரும். வண்டியத் திருப்பு" என்றார் அண்ணன்.

ஓட்டு எண்ணிய அன்று திட்டு முழுக்க அவருக்கே விழுந்திருந்தது. திருப்பூர், பெங்களூர் என்று போனவர்களில் பாதிப்பேர் ராத்திரி பஸ் பிடித்து வந்து போட்டிருந்தார்கள். கரை ஊர்களில் பாதிக்குப் பாதி. மேட்டுக்காட்டுப் பெட்டியைப் பிரிக்கும் வரை அண்ணன்தான் முன்னால் இருந்தார். பிரித்த பிறகு உரக்கடைக்காரர் இருபத்திரண்டு ஓட்டில் ஜெயித்தார்.

அண்ணன் எண்ணிக்கை நடந்த இடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் பாவாயி வந்தார். மேட்டுக்காட்டில் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர், அறுபது வயது இருக்கும். கும்பிடு கூடப் போடாமல் ஆரம்பித்தார்.

"ஏனுங்க பாயிண்ட்டு, என்ர காட்டுக்குப் போரு போட்டது ஆருங்க?"

"நாந்தானுங்க."

"உங்களுக்கு முந்தி மூணு வண்டி வந்து பொக பாத்துட்டுப் போனானுக. நீங்க வந்தப்பவும் தேங்கா படுத்துத்தான் கெடந்துச்சு. நான் அழுதுக்கிட்டு நின்னேன். உங்க ஆளுக வண்டியக் கட்டப் போனானுக. அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"'தேங்கா கெடக்குது, அந்தம்மா மூஞ்சியப் பாருங்கடா, இன்னொரு நூறடி எறக்குங்க'ன்னு சொன்னீங்க. எறக்குனாங்க. தண்ணி பீச்சி அடிச்சுது. இன்னிக்கும் மேட்டுக்காடே அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. உங்களுக்கு ஓட்டுப் போடோணும்னு ஊரே வாசல்ல உக்காந்திருந்தமுங்க. நீங்க வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டீங்க. எங்க ஓட்டு வேண்டாமாட்ட இருக்குதுன்னு எங்காளுக கோவத்துல மாத்திக் குத்திட்டாங்க."

"தேங்கா நிக்கலீங்க..." என்று முனகினார் அண்ணன்.

"அன்னிக்கு மூஞ்சியப் பாத்தீங்க, தண்ணி வந்துச்சு. இன்னிக்குத் தேங்காயப் பாத்துட்டீங்களே சாமி!" என்று சொல்லும்போது பாவாயிக்கே கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு ஓட்டு. இரண்டு வாசலில் நின்று "வாரேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு பாலம் அங்கேயே கைவிட்டுப் போனது.

ஒரு மாதம் கழித்துத் திட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போவதாக மனைவியிடம் சொன்னேன். சட்டைப் பையில் சாவி இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. பரிசலை விட்டு இறங்கி நடந்தால், என் வீட்டு வாசலில் அண்ணன் குனிந்து புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சாவி இல்லாததால் உள்ளே போக முடியவில்லை, வாசலையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று வாராவாரம் வந்திருக்கிறார். என் வாசலுக்கு மட்டுமில்லை, பூட்டிய நாற்பத்து மூன்று வாசலுக்கும்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதையாவது பேச வேண்டுமே என்று, "தேங்கா எங்கீங்ணா, காணம்?" என்றேன்.

"கொழம்புல போட்டாச்சு" என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தை நன்றாக ஒரு தடவை பார்த்தார். "சாவி கெடச்சிருச்சாட்ட இருக்குது?"

எடுத்து நீட்டினேன். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. அவர் எண்ணெய் விட்டு, ரிக் வண்டி போல்ட்டைக் கழற்றுகிற மாதிரி முக்கி முனகித் திறந்தார். அன்று திரும்பும்போது சாவியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இந்தச் சித்திரையில் நான் ஓய்வு பெற்றேன். பாலம் இன்னும் வரவில்லை. அண்ணன் அடுத்த தேர்தலுக்கு இப்போதே மேட்டுக்காட்டில் வாரம் இரண்டு நாள் வாசல் வாசலாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாவற்றையும் மாரப்பன் மூன்று நடையில் திட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். போன வாரம் வாக்காளர் பட்டியலில் பெயர் மாற்ற ஆபீசுக்குப் போனேன். விண்ணப்பத்தை வாங்கிய பெண், வெளியூர் போலிருக்கிறது, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எந்த ஊருங்க சார்?"

முப்பத்து நான்கு வருடம் கழித்துச் சொன்னேன். "திட்டுங்க."

"நான் எதுக்கு சார் உங்களைத் திட்டணும்?"

"திட்ட வேண்டியவரே ஒரு வார்த்தை திட்டலீங்கம்மா" என்றேன். "அதனாலதான் வந்திருக்கறேன்."