செட்டிங்ஸ் சித்தப்பாவின் இரண்டு நிமிஷம்

கம்ப்யூட்டர் இல்லாத வீடு உண்டு. கம்ப்யூட்டரைச் சரிசெய்கிற ஒருவர் இல்லாத குடும்பம் கிடையாது. உங்கள் குடும்பத்தில் அவர் மாமாவாக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம், அலுவலகமென்றால் மூன்றாவது மேஜைக்காரராக இருக்கலாம். எந்த உறவில் வந்தாலும் இனம் ஒன்றுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு பழுது பார்க்கிற மெக்கானிக்கைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். அவருக்கு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டுமென்ற எண்ணமாவது இருக்கும். நம்மவருக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் கண்டாலே அவருக்குக் கை அரிக்கும். ஓடாத கம்ப்யூட்டரைக் கண்டாலோ, கேட்கவே வேண்டாம், முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

நாம் பார்க்கப் போகிறவர் ஒரு சித்தப்பா. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அந்தத் தம்பிதான் இவர். பெயிண்ட் கம்பெனியில் விற்பனை மேலாளர். எந்தக் காலத்திலோ ஆறு வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார். அதில் நான்கு வாரம் வாத்தியார் லீவு. அண்ணன் மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்புமுன் இவருக்கு 'செட்டிங்ஸ் சித்தப்பா' என்று பெயர் சூட்டிவிட்டுப் போனாள். அந்தப் பெயரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், அவளுடைய அம்மாவைத் தவிர. அண்ணிக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் உண்டு. சித்தப்பா சரிசெய்வது பெரும்பாலும் அண்ணியின் கம்ப்யூட்டரைத்தான்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன், அந்த ஒரு டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட்டும் வர வேண்டும். கீழே ஹாலில் அண்ணியின் மேஜைமேல் மோடம் உட்கார்ந்திருந்தது. அண்ணியின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி, ஜன்னல் ஓரத்தில் இன்னொரு கேபிளோடு கைகோத்து, கம்பி இடுக்கில் நுழைந்து, மாடிப்படிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு மேலே போய்ச் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் முடியும். வருகிற சொட்டு நெட்டை இரு வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு, எல்லாம் அறுந்துவிடும். அதனால் வீட்டில் ஒரு சட்டம். போனைத் தொடுமுன் "எடுக்கப் போறேன்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் குரல் கொடுக்க வேண்டும், மறுபக்கமிருந்து "எடு!" என்று பதில் வர வேண்டும். அந்த வீட்டில் துக்கத்தைக்கூட அனுமதி வாங்கித்தான் விசாரித்தார்கள்.

அண்ணி பிழை திருத்துகிறவர். வீட்டிலிருந்தபடி அச்சகங்களுக்கு வேலை செய்கிறவர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ புத்தகங்கள் அவர் கையால் யோக்கியமாகி வெளியே போயிருக்கின்றன; ஒன்றிலும் அவர் பெயர் இருந்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாக, பறவைகளைப் பற்றிய ஒரு கையேட்டில், இரண்டாம் பக்கத்தில், 'மெய்ப்புத் திருத்தம்' என்று போட்டு அவர் பெயரை அச்சடிக்கப் போகிறார்கள். ஆனால் அச்சுக் கோத்தவர் செய்த காரியத்தால் நாற்பதாம் பக்கத்திலிருந்து படங்களுக்குக் கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒவ்வொன்றாக நழுவியிருந்தன. காக்கைக்குக் கீழே மீன்கொத்தி என்று இருந்தது. மீன்கொத்திக்குக் கீழே ஆந்தை. மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பறவையையும் அதனதன் பெயரில் கொண்டுபோய் உட்காரவைத்து, மேலும் இருநூற்றுச் சொச்சம் பிழைகளையும் பொறுக்கி எடுத்து, சனிக்கிழமை மதியம் கோப்பைத் தயார் செய்துவிட்டார் அண்ணி. அச்சகம் இருப்பது ரயிலில் எட்டு மணி நேரம் போக வேண்டிய ஊரில். அதன் முதலாளி காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

"நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்கம்மா. மெஷின் இன்னைக்கு ஒரு நாள்தான் நம்ம கையில. வரலேன்னா இருக்கிறத அப்படியே ஓட்டிடுவோம்."

காக்கையை மீன்கொத்தி என்று சொல்கிற புத்தகம், அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாதிரி அண்ணியின் பெயர். முதல் பெயர். அதோடு கடைசிப் பெயராகவும் ஆகிவிடும்.

ஒன்றரை மணிக்கு அனுப்பினார். கோப்பு பாதி வழியில் நின்றது. மறுபடி அனுப்பினார். கால்வாசியில் நின்றது. இரண்டு மணிக்கு மேல் தாங்காமல் ஜன்னல் பக்கம் போய், "தம்பி, நெட்டு ரொம்ப மெதுவா இருக்கு, என்னன்னு..." என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

இந்த இனம் ஒரு கம்ப்யூட்டரை அணுகும் முறையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எடுத்த எடுப்பில் உட்கார மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, திரையை ஒரு நிமிஷம் பார்த்து, நாக்கால் 'ச்சு' கொட்டுவார். அதற்குள்ளாகவே நமக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிடும். பிறகு விசாரணை.

"கடைசியா என்ன பண்ணீங்க அண்ணி?"

"ஒண்ணும் பண்ணல தம்பி. ஃபைல அனுப்பினேன்."

"ஒண்ணும் பண்ணாம எப்படிப் போகும்?"

"நான் எதையும் தொடல தம்பி."

"எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. தள்ளுங்க, நான் பார்க்கறேன். ரெண்டே நிமிஷம்."

உட்கார்ந்தார். நாற்காலியின் உயரத்தைக் குறைத்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். விரல்களில் நெட்டி முறித்தார். பிறகு, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று அண்ணி இருபது வருஷம் உட்கார்ந்தாலும் போயிருக்க முடியாத இடங்களுக்கெல்லாம் போய், டிக் இருந்த கட்டங்களில் டிக்கை எடுத்து, இல்லாத கட்டங்களில் டிக்கை வைத்து, 'நிச்சயமா?' என்று இயந்திரம் பரிதாபமாகக் கேட்ட இடத்திலெல்லாம் படிக்காமலே 'ஆம்' என்று அடித்து, கடைசியில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒருவழியாக லைனைப் பிடித்தது.

"இப்ப அனுப்புங்க."

அனுப்பினார்கள். நின்றது.

"வைரஸா இருக்கும்" என்றார். அதுவும் இல்லையென்றானதும், போன மாதம் வந்து பார்த்த மெக்கானிக் ஏதோ கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் கோளாறு. இல்லையென்றால் மழை ஈரம் வயரில் இறங்கியிருக்கும். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. நோய் தெரியாவிட்டாலும் மருந்து மட்டும் தயங்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒரே மூச்சில் ஏழு செட்டிங்குகளை மாற்றினார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடுமே என்கிறீர்களா? தெரிந்துவிட்டால் அப்புறம் இவர் எதற்கு? எதை மாற்றினோம் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளும் வழக்கமும் இந்த இனத்துக்குக் கிடையாது. ஆறாவதாக மவுஸின் வேகத்தைக் கூட்டினார். நெட்டின் வேகத்துக்கும் மவுஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அண்ணிக்கு வாய்வரை வந்தது. கேட்டால் அதை விளக்க இன்னும் இரண்டு நிமிஷம் ஆகும்.

மணி மூன்றைத் தாண்டியது. அண்ணி கையைப் பிசைந்தார்.

"தம்பி, அச்சகத்துக்கு ஒரு போன் பண்ணி, கொஞ்சம் பொறுக்க முடியுமான்னு கேட்டுடறேனே."

"ஐயோ, போனைத் தொடாதீங்க! இப்பதான் லைன் ஒட்டியிருக்கு. அண்ணி, மேல டிராயர்ல ஒரு டிரைவர் சிடி இருக்கும், அத மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. அதப் போட்டா முடிஞ்சது."

நாற்காலியை இழந்தவர்களுக்கு எடுபிடி வேலைதானே மிச்சம். அண்ணி மாடியேறினார். மேலே ஓரகத்தி, சித்தப்பாவின் மனைவி, துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'யாரும் தொடாதே'. நடுவில் ஒரு பச்சைப் பட்டை, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாலு சதவீதம் என்று இருந்தது.

"இது என்னது?" என்றார் அண்ணி.

"அதுவாக்கா? நெட்டோட வேகத்த மூணு மடங்கு ஆக்கற சாஃப்ட்வேராம். மூணு நாளா இறக்கிக்கிட்டிருக்காரு."

"மூணு நாளாவா?"

"முடியவே மாட்டேங்குதுக்கா. நாப்பதத் தாண்டினதே இல்ல. நாப்பது வரும்போது கீழ நெட்டு மெதுவா இருக்குன்னு நீங்க கூப்பிடுவீங்க. இவரு ஓடிப் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாரு. அது அறுந்துடும். திரும்ப ஒண்ணுலேருந்து தானா ஆரம்பிக்கும். உங்களுக்காகத்தான்க்கா இறக்கறாரு, அண்ணி பாவம், நெட்டில்லாம கஷ்டப்படறாங்கன்னு."

அண்ணி அந்தப் பச்சைப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாளாக நெட்டை எது குடித்துக்கொண்டிருந்தது என்று இப்போது புரிந்தது. முதலில் வந்தது சுத்தமான கோபம். கீழே போய் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். 'அப்படியெல்லாம் இருக்காது அண்ணி' என்று தொடங்கி, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு லைனைப் பங்கு போடுவது எப்படி என்று படம் வரைந்து காட்டுவார். மணி நாலரை ஆகிவிடும். கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. தனி வழி கிடைத்தால் கோப்பு போகப் பத்து நிமிஷம் போதும்.

சிடியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். சித்தப்பா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். அண்ணி அவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாகப் போய், சுவரில் சாய்ந்து நின்றார். வலது கை முதுகுக்குப் பின்னால் போனது. அங்கேதான் இரண்டு கேபிள்களும் கைகோத்திருந்தன. கட்டை விரலால் அழுத்தி, இரண்டையும் பிரித்தார். 'டிக்' என்று மெல்லிய சத்தம். இருமி அதை மறைத்தார்.

"ஒரு தடவ அனுப்பிப் பாருங்களேன் தம்பி."

"இருங்க அண்ணி, இன்னும் சிடியே போடல."

"ஒரே ஒரு தடவ."

பெரிய மனது பண்ணி அனுப்பினார். கோப்பு கிளம்பியது. கால்வாசியைத் தாண்டியது. பாதியைத் தாண்டியது. சித்தப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பிடித்திருந்த கேபிளைக் கீழே விட்டால் தரையில் தட்டிச் சத்தம் வருமோ என்று விடவும் இல்லை. முக்கால். அதற்குமேல் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று உயிரை வாங்கிவிட்டு, மூன்று நாற்பத்தி ரெண்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா!" சித்தப்பா மேஜையில் தட்டினார். "நான் மாத்தினது உடனே வேலை செய்யாது அண்ணி. கொஞ்சம் டைம் எடுத்துக்கும். மவுஸ் வேகத்தக் கூட்டினப்பவே எனக்கு டவுட்டு."

இணைப்பைத் துண்டித்த மறு நிமிஷமே போன் அடித்தது. எடுக்கப் போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் அண்ணி இடது கையால் பாய்ந்து எடுத்தார். அச்சக முதலாளிதான்.

"வந்திருச்சும்மா. எல்லாப் பக்கமும் சரியா இருக்கு. மெஷின ஓட்டறோம். உங்க பேர மட்டும் ஒரு தடவ சொல்லுங்க, சரியாப் போட்டிருக்கமான்னு பாத்துக்கறேன்."

அண்ணி தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், சித்தப்பாவின் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவர் எழுந்து போகவில்லை. வாரம் முழுக்க பெயிண்ட் டப்பாவோடு மல்லுக்கட்டுகிற மனிதர், தன் சனிக்கிழமையை இவருக்காகக் கொட்டியிருக்கிறார். அண்ணிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவம் என்றுதான் தோன்றியது.

"நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் தம்பி" என்றார், மனதாரத்தான்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இதுல என்ன அண்ணி இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அண்ணி அவசரமாகத் திரும்பி, கேபிளை மறுபடி செருகி, நெட்டையும் இணைத்தார். மேலே பச்சைப் பட்டை ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி! கீழ எதையாவது தொட்டீங்களா?"

"ஒண்ணும் தொடல தம்பி!" என்றார் அண்ணி.

சிரித்தாகிவிட்டதா? நல்லது. இப்படி ஒரு சித்தப்பா உங்களுக்கும் இருக்கிறார், யாரென்றுகூட மனதில் வைத்துவிட்டீர்கள், இதைக் கத்தரித்து அவருக்கு அனுப்பலாமா என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று. போன வாரம் பக்கத்து வீட்டிலோ, பக்கத்து மேஜையிலோ, "தள்ளுங்க, நான் பார்க்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையெதையோ தட்டி, எப்படியோ அது ஓடவும் ஆரம்பித்ததே, நினைவிருக்கிறதா? அவர்கள் வாய் நிறைய உங்களுக்கு நன்றி சொன்னார்களே. அப்போது அவர்களுடைய வலது கை எங்கே இருந்தது என்று பார்த்தீர்களா?