கண்ணாடி மாதிரி ஒரு ரெக்கார்டு

"டப்!"

மறுபடியும் அதே இடம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஊசியைத் தூக்கிவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

"என்னது?" பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. கணக்கு டீச்சர்.

"டப்புன்னு ஒண்ணு."

"சாயங்காலத்துல இருந்து டப்பு டுப்புன்னுதானேங்க கேக்குது. ஜாஸ்னாலே அப்படித்தானே?"

"அது டிரம்ஸ்! இது டப்!"

இந்த வித்தியாசம் தெரியாதவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது தன்னுடைய பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் அவரைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தாள். ஆகவே வீட்டில் அமைதி நிலவியது.

ரெக்கார்டு சாதாரண ரெக்கார்டு அல்ல. ஒரு காலத்தில் இந்த ஊர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் பழுதாகி நின்றது. அதில் வந்த மூன்று வாத்தியக்காரர்கள் சும்மா இருக்கப் பிடிக்காமல் துறைமுகத்து ஓட்டலில் ஒரு சாயங்காலம் வாசித்தார்கள். பியானோ, பாஸ், டிரம்ஸ். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பதிவு செய்து கொஞ்சமே கொஞ்சம் ரெக்கார்டு போட்டான். அவையும் திசைக்கு ஒன்றாகச் சிதறின. ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது சரக்குக் கிடங்கு.

"நம்ம ஊர்ல பதிவான ஒரே ஜாஸ் ரெக்கார்டு!" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது, தானே பியானோ வாசித்த மாதிரி அவருக்கு நெஞ்சு நிமிரும்.

ஆன்லைன் ஏலத்தில் அதைப் பிடித்தது தனிச் சாதனை. அங்கே அவர் பெயர் 'வெள்ளெழுத்து'. கடைசிவரை விடாமல் மல்லுக்கு நின்றவர் 'கடைவாய்ப்பல்'. அது அடுத்த தெருப் பல் டாக்டர் என்பது இவருக்கும் தெரியும், இது யார் என்பது அவருக்கும் தெரியும். ஏலம் முடிகிற நேரத்தில் கடையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது வரி தெரியல சார்."

"பிரமாதம்!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், போனைப் பார்த்தபடி.

"ரெண்டாவதும் கலங்கலாத்தான் இருக்கு."

"விடாதே, விடாதே... ஆங்! ஜெயிச்சாச்சு!"

அந்த மனிதர் ஒரு தடித்த கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார். படிக்கட்டு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று மறுநாள் திரும்பி வந்தார். கண்ணாடிக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் இனாமாக மாற்றிக் கொடுத்தார். ஜெயித்தவனுக்குத் தாராளம் தன்னால் வரும்.

பார்சல் வந்த கையோடு ரெக்கார்டு சங்கத்தின் குழுவில் எழுதினார்: 'கண்ணாடி மாதிரி இருக்கிறது. இசையைத் தவிர ஒரு தூசிச் சத்தம் கிடையாது.'

எழுதும்போது அவர் அதைப் போட்டுக் கேட்டிருக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் பல் டாக்டர். மீசையில் மண் ஒட்டாத தோரணையில் பதில் போட்டார்: 'சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன். நீங்கள் சொன்னபடி இருந்தால், ஆண்டு விழாவை இந்த ரெக்கார்டை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.'

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக் கடைக்காரர் ஊசியை வைத்தார். இரண்டாம் பக்கத்தில், டிரம்ஸ் ஓய்ந்து, பாஸ் ஓய்ந்து, பியானோ மட்டும் ஒற்றைச் சுரத்தில் நிற்கிறது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அங்கே 'டப்'.

"தூசியா இருக்கும்" என்று தீர்மானித்தார்.

லென்ஸ் துடைக்கிற திரவத்தையும் மெல்லிய துணியையும் கடையிலிருந்து கொண்டுவந்தார். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் ரெக்கார்டைத் துடைத்தார். அறையின் மறுபக்கத்தில் இருந்து பார்த்தால்கூட முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

போட்டுப் பார்த்தார்.

"டுப்ச்!"

டீ கொண்டுவந்த மாமியார் வாசலிலேயே நின்றார். இதே ஊரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு மகளோடு வந்து இருக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

"நல்லா இருக்கே மாப்பிள்ளை" என்றார்.

"என்னத்தை அத்தை நல்லா இருக்கு? துடைக்கறதுக்கு முன்னாடி டப், துடைச்சதுக்கு அப்புறம் டுப்ச்!"

"முன்னைவிடத் தெளிவா இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு டீயை வைத்துப் போனார்.

அடுத்த நாள் ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் ஊசியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊசி தேஞ்சு மொட்டையாயிடுச்சு சார். இதை வச்சுக் கேட்டா ரெக்கார்டு மேல பழி போடக்கூடாது."

புது ஊசி வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பியானோ ஓய்ந்தது. அமைதி.

"ஹ... ஹப்ச்!"

"சார்," என்றார் மெக்கானிக் மெதுவாக, "இது கீறல் மாதிரி தெரியல."

"பின்ன?"

"ஸ்பீக்கர் மாத்தினாத்தான் சரியாச் சொல்ல முடியும்."

கிணறு வெட்டக் கிளம்பியாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால் அவமானம். ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. டீச்சரின் புத்தக அலமாரி படுக்கை அறைக்குக் குடிபெயர்ந்தது. சாப்பாட்டு மேஜை சுவரோடு ஒட்டியது. மெக்கானிக் ஒயர்களை மாட்டி முடித்து, ஒரு வித்வானின் பெருமையோடு கை தட்டினார். வீடே கூடி நின்று கேட்டது.

பியானோ ஓய்ந்தது.

"ஹா... ஹா... ஹாஆஆச்ச்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தொடர்ந்து ஒரு மூக்கு உறிஞ்சலும் துல்லியமாகக் கேட்டது.

பூதம் கிளம்பிவிட்டது.

"இது கீறல் இல்ல சார்," என்றார் மெக்கானிக். "மூக்கு."

கண்ணாடிக் கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து கத்தினார்.

"எவன்டா அவன்? கடல் தாண்டி வந்த கலைஞன் உயிரைக் கொடுத்து வாசிக்கிறான், முன்னாடி உட்கார்ந்து தும்மியிருக்கானே! இசைன்னா என்னன்னு தெரியாத ஜென்மம்! ஓசி டிக்கெட்ல வந்த தடியன்!"

"ஆம்பிளைதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றாள் டீச்சர்.

"பொம்பளைக்கு இவ்வளவு பெரிய நுரையீரலா?"

"பாவம், ஜலதோஷமா இருந்திருக்கும்" என்றார் மாமியார்.

"ஜலதோஷம்னா வீட்ல கஷாயம் குடிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதானே அத்தை? கச்சேரி கேக்குதா?"

மாமியார் உள்ளே போனார். சற்று நேரத்தில் சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்கப்பட்டன.

"டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள் டீச்சர்.

"கண்ணாடி மாதிரின்னு எழுதிட்டேனே!"

"அழிச்சுடுங்க."

"அவர் அதுக்குக் கட்டைவிரல் போட்டுட்டார்."

மானப் பிரச்சினை. ஆகவே திட்டம் போட்டார். ரெக்கார்டில் தும்மல் வருகிற அதே கணத்தில் வீட்டில் வேறு ஒரு சத்தம் வர வேண்டும். டாக்டர் காதில் தும்மல் விழக்கூடாது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்க்கறீங்க" என்றாள் டீச்சர். இருந்தாலும் ஒத்திகைக்கு வந்தாள்.

முதலில் குக்கர். அது டிரம்ஸ் உச்சத்தில் இருந்தபோது விசிலடித்து, ரசிகர் கூட்டம் ஆரவாரித்ததுபோல் இருந்தது. அமைதியான இடத்தில் அதுவும் அமைதி காத்தது. அடுத்து ஸ்டீல் தட்டு. டீச்சர் சரியாகத்தான் போட்டாள். ஆனால் தட்டு சுழன்று சுழன்று அடங்குவதற்குள் இவர் பொறுமை இழந்து ஊசியைத் தூக்கிவிட்டார். அடுத்து வாசல் மணி. டீச்சர் வெளியே போய் நின்றாள். உள்ளே நடப்பது வெளியே கேட்கவில்லை. மணியை அழுத்தினாளா இல்லையா என்று இவர் கதவைத் திறந்து பார்க்க, "இப்பவா?" என்று கேட்டாள். உள்ளே ஸ்பீக்கர் தும்மியது.

கண்ணாடிக் கடைக்காரர் சோபாவில் சரிந்தார்.

"நான் தும்மறேன் மாப்பிள்ளை."

மாமியார் கையில் கைக்குட்டையோடு நின்றார்.

"நீங்களா? அத்தை, இது சரியா அந்தக் கணத்துல..."

"போடுங்க."

போட்டார். பியானோ ஓய்ந்தது. மாமியார் கைக்குட்டையில் இருந்த மிளகுத்தூளை ஒருமுறை முகர்ந்தார்.

"ஹாஆஆச்ச்!"

இரண்டும் ஒன்றாக விழுந்தன. ஸ்பீக்கர் தும்மியதா, மாமியார் தும்மினாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் முதல் தடவையாக மாமியாரை மரியாதை கலந்த ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"அத்தை, உங்களுக்குத் தாளஞானம் இருக்கு!"

"ஏதோ கொஞ்சம்" என்றார் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். ஸ்பீக்கர்களை வாய் பிளந்து பார்த்தார். அடுத்தவர்கள் வாய் பிளந்துதான் அவர் பார்த்துப் பழக்கம். அந்தக் காட்சியே போதும் என்று கண்ணாடிக் கடைக்காரருக்கு இருந்தது. ரெக்கார்டை விளிம்பில் மட்டும் விரல் பட எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்.

"தூசி தெரியுதா டாக்டர்?"

"தெரியல."

"தெரியாது."

முதல் பக்கம் முடிந்தது. டாக்டர் கண்ணை மூடி அனுபவித்தார். இரண்டாம் பக்கம். டிரம்ஸ் ஓய்ந்தது. பாஸ் ஓய்ந்தது. டீ தட்டோடு மாமியார் சரியாக உள்ளே வந்து, தட்டை வைத்து, கைக்குட்டையை எடுத்தார்.

"ஹாஆஆச்ச்!"

"மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்றார் கண்ணாடிக் கடைக்காரர் துள்ளிக் குதிக்காத குறையாக. "அத்தைக்கு ஜலதோஷம்."

"பரவாயில்ல, பரவாயில்ல. ஆனா ரொம்ப அருமையான இடம் போயிடுச்சே. இன்னொரு தடவை போடுங்க."

கண்ணாடிக் கடைக்காரர் அவசரமாக ஊசியைத் தூக்கினார்.

"எதுக்கு டாக்டர்? ஊசி தேஞ்சுடும்."

"புது ஊசின்னு இப்பத்தானே சொன்னீங்க" என்று டாக்டரே எழுந்து, பல்லில் துளையிடுகிற கை நடுங்காமல், ஊசியைச் சரியான இடத்தில் வைத்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் மாமியாரைப் பார்த்தார். மிளகுத்தூள் தீர்ந்துவிட்டது என்று மாமியார் கைக்குட்டையை உதறிக் காட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

பியானோ ஓய்ந்தது.

"ஹா... ஹா... ஹாஆஆச்ச்!"

டாக்டர் மாமியாரைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"எதிரொலி டாக்டர்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர் ஈனசுரத்தில். "ரூம் அப்படி."

"ஷ்ஷ்! பேசாதீங்க!"

டாக்டர் குனிந்து, ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்திருந்தார். இதுவரை தும்மலோடு ஊசியைத் தூக்கிவிட்டுத் திட்டுவதே வேலையாக இருந்ததால், அதற்கடுத்து வருவதைக் கண்ணாடிக் கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. யாரோ மெல்லச் சிரிக்கிறார்கள். பியானோ, தும்மினவரைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பதுபோல், இரண்டே சுரம் வாசிக்கிறது. 'ஹா-ச்ச்' என்று அதே அளவில் டிரம்ஸ் பதில் சொல்கிறது. பாஸும் சேர்ந்துகொள்ள, அந்தத் தும்மலையே பிடித்துக்கொண்டு மூன்று பேரும் புதிதாக ஒரு ஓட்டம் ஓடுகிறார்கள்.

டாக்டர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சார்! தும்மலை ராகமாக்கிட்டாங்க சார்! இதுதான் ஜாஸ்! முன்கூட்டி எழுதி வச்சா இப்படி வருமா? நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் தும்மி, அதுல இருந்து இவ்வளவு பெரிய சங்கீதம்! விழாவை இந்தத் தும்மல்லதான் ஆரம்பிக்கறோம்!"

கண்ணாடிக் கடைக்காரரின் நெஞ்சு, போன இடத்திலிருந்து திரும்பி வந்து நிமிர்ந்தது.

"நான்தான் எழுதினேனே டாக்டர், கண்ணாடி மாதிரின்னு! தும்மல்கூட எவ்வளவு துல்லியம் பாருங்க. சரியான இடம் பார்த்துத் தும்மியிருக்கார். பெரிய ரசிகர் அவர்!"

"தடியன்னு சொன்னீங்க" என்றாள் டீச்சர்.

"கம்பீரமான ஆள்னு அர்த்தம்."

"அவர் யாருன்னு மட்டும் தெரிஞ்சா, விழா மேடையில நடு நாற்காலி அவருக்குத்தான்" என்ற டாக்டர், சட்டென்று நெற்றியைச் சுருக்கினார். "ஒண்ணுதான் எனக்குப் புரியல. நாளெல்லாம் அடுத்தவங்க வாய்கிட்டயே நிக்கிறவன் நான், எனக்குத் தப்பாது. ரெக்கார்டுத் தும்மலும் இந்த அம்மா தும்மலும் இம்மி பிசகாம ஒண்ணா இருக்கே, எப்படி?"

மாமியார் கைக்குட்டையை நாலாக மடித்தார். நேரே போய், மருமகன் யாரையும் உட்கார விடாத, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை எதிரொலின்னு சொன்னது சரிதான் டாக்டர். இன்னைக்கு நான் தும்மினதுதான் எதிரொலி. நிஜத் தும்மலை அந்த ஓட்டல்ல முன்வரிசையில உட்கார்ந்து அன்னைக்கே தும்மிட்டேன்."